போகாத சண்டை

என் மனைவியின் கீழுதட்டில் மூன்று தையல். தையல் போடும்படி அடித்தவன் நான். தூக்கத்தில் அடித்தேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? உப்பளத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த கிளினிக்கில், விடிந்தும் விடியாத நேரத்தில், புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். "பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டேம்மா" என்று நர்ஸிடம் சொன்னாள். அந்த நர்ஸ் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "சொல்தா வூட்டு பாத்ரூமெல்லாம் ரொம்பத்தான் வழுக்குது" என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் என்னத்தைச் சொல்ல?

பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து, ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்போம். சொல்தா என்றால் ஊருக்கு ஒரு கணக்கு உண்டு. சாயங்காலம் ஆனால் கண்ணாடி டம்ளரில் பிராந்தி, வாய் நிறைய பிரெஞ்சு, மூக்குக்கு மேல் கோபம், தொட்டதற்கெல்லாம் கை ஓங்குவது. நான் அந்தக் கணக்கில் பாதிக்குச் சரியாகப் பொருந்துவேன். சாயங்காலம் ஒரு டம்ளர் உண்டு, கோபமும் உண்டு. குழம்பில் உப்பு கூடினால் தட்டு சுவரில் போய் மோதும். அதையெல்லாம் மறைக்கப் போவதில்லை. ஆனால் அன்றைக்கு நடந்தது அது இல்லை.

இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருடம் ஆகியிருக்கும். எனக்கு அறுபத்திரண்டு வயது. ஒரே பையன் பிரான்சில் குடும்பத்தோடு இருந்தான். வீட்டில் நானும் அவளும் மட்டும்தான். அந்த விடியற்காலையில் எனக்கு ஒரு கனவு வந்தது. பெரிய மார்க்கெட்டில் மீன் கடைகளின் பக்கம் நிற்கிறேன். கையில் ஒரு பை, பைக்குள் நல்ல வஞ்சிரம். ஒரு கறுப்பு நாய் பையின் அடியைக் கவ்விக்கொண்டு இழுக்கிறது. நான் விடவில்லை, அதுவும் விடவில்லை. "வுட்றா நாயே!" என்று கத்தி, கையை ஓங்கி அதன் மூஞ்சியில் ஒரு குத்து விட்டேன். "ஐயோ அம்மா" என்று அலறல் கேட்டுக் கண் விழித்தேன். நாயும் இல்லை, மீனும் இல்லை. என் விரல் மூட்டில் ரத்தம் இருந்தது, அது அவளுடைய ரத்தம்.

அதற்கு முன்பே ஒரு வருடமாகத் தூக்கத்தில் கை காலை உதறிக்கொண்டிருந்தேன். பேசினேன், திட்டினேன், ஒரு முறை கட்டிலில் இருந்து உருண்டு விழுந்தேன். வயசாகிறது என்று நினைத்துக்கொண்டோம். உதடு கிழிந்த பிறகுதான் இது வயசு இல்லை, வேறு ஏதோ என்று இரண்டு பேருக்கும் பட்டது.

கிளினிக்கில் இருந்து திரும்பி வரும்போது அவள், வீங்கிய வாயோடு கேட்டாள். "என்னா கனவுங்க? பழசுங்களா?"

பழசு என்றால் சண்டை. நான் பார்த்த சண்டை. ஆப்பிரிக்காவில் பாலைவனத்தில் துப்பாக்கியோடு நான் படுத்துக்கிடந்த சண்டை. "ம்" என்றேன்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் எந்தச் சண்டைக்கும் போனவன் இல்லை.

பதினெட்டு வருடப் பட்டாள வாழ்க்கையில் நான் பார்த்தது கிடங்கு வேலை. பிரான்சின் தெற்கே ஒரு படைமுகாமில் கம்பளி, பூட்ஸ், சட்டை எல்லாம் அடுக்கி வைத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு எடுத்துக் கொடுக்கிற வேலை. சண்டைக்குப் போனவர்கள் என்னிடம் கம்பளி வாங்கிக்கொண்டு போனார்கள். சிலர் கம்பளியைத் திருப்பிக் கொடுக்க வரவில்லை. எனக்கும் சண்டைக்கும் இருந்த சம்பந்தம் அவ்வளவுதான்.

பிறகு எப்படி இந்தக் கதை வந்தது? பெண் பார்க்கப் போன அன்றைக்கு வந்தது. லீவில் வந்திருந்தேன். தவளக்குப்பத்துக்கு அந்தப் பக்கம் அவளுடைய ஊர், விவசாயக் குடும்பம். கால் கழுவ நான் பேண்ட்டைச் சுருட்டியபோது முழங்காலுக்குக் கீழே இருந்த தழும்பை அவளுடைய அப்பா பார்த்துவிட்டார். கம்பளிப் பெட்டி ஒன்று மேலடுக்கில் இருந்து சரிந்து, அதன் இரும்புப் பட்டை கிழித்த தழும்பு. "சண்டைல பட்டதா மாப்ள?" என்று கேட்டார். கேட்கும்போதே அவருடைய கண்ணில் ஒரு பளபளப்பு. கம்பளிப் பெட்டி விழுந்தது என்று எந்த மாப்பிள்ளையாவது சொல்வானா? "ஆமாங்க" என்றேன். ஒரே ஒரு வார்த்தை. அதற்குப் பிறகு முப்பது வருடம் அந்த ஒரு வார்த்தைக்குத் தீனி போட்டேன்.

ஓய்வு பெற்று வந்த பிறகு அந்தக் கதை கொழுத்துப் போய்விட்டது. எங்கள் தெருவில் நிஜமாகவே சண்டைக்குப் போன சொல்தா ஒருவர் இருந்தார். அந்த மனுஷர் வாயே திறக்க மாட்டார். யாராவது கேட்டால் எழுந்து போய்விடுவார். அவருக்கும் சேர்த்து நான் பேசினேன். என் மைத்துனருக்கு, அதாவது அவளுடைய தம்பிக்கு, தவளக்குப்பம் சந்திப்பில் உரக்கடை இருந்தது. கடை வாசலில் ஒரு பெஞ்சு. அதில் நான் உட்கார்ந்தால் டீ வரும், ஆள் சேரும். "முசியே, அந்த மணல் புயல் கதையச் சொல்லுங்க" என்பார்கள். பிரெஞ்சில் ஐயா என்பதுதான் முசியே. நான் வாய் கூசாமல் சொல்வேன். அந்தத் தம்பிக்கு என்னைப் பற்றி அவ்வளவு பெருமை.

அதனால் என் உதறலுக்குக் காரணம் என்ன என்று எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்திருந்தது. உதட்டைப் பார்க்க வந்த தம்பி, அக்கா சொல்வதற்கு முன்பே சொல்லிவிட்டான். "மாமா, அது சண்டை. உள்ளயே இருந்துட்டு இப்ப வெளிய வருது. இதுல நீங்க வெக்கப்பட ஒண்ணும் இல்ல. வாங்க, டாக்டரப் பாப்போம்."

நான் அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். தம்பி, கனவில் வந்தது நாய், பாலைவனம் இல்லை என்று. வாய் வரைக்கும் வந்தது, மென்று முழுங்கிவிட்டேன். இந்த வயதில் மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது?

மனநல டாக்டர் ஒருவரிடம் கூட்டிப் போனான். நானாக எதுவும் சொல்லவில்லை, எல்லாவற்றையும் தம்பியே சொன்னான். நான் சொன்ன கதைகளையே என் எதிரில் வைத்து, நான் சொன்னதை விட நன்றாகச் சொன்னான். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மரியாதையாகக் கேட்டார். "அதே பாலைவனம்தான் கனவுல வருதுங்களா சார்?" நான் தலையை ஆட்டினேன். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. நான் காட்டிய படத்தைப் பார்த்து அவர் மருந்து எழுதினார். பழைய பயம் குறைய, மனசு தெளிய என்று தினம் ஒரு மாத்திரை.

மாத்திரையை ஆரம்பித்து இரண்டு மூன்று வாரத்தில், வாரத்துக்கு இரண்டு நாள் வந்த கனவு தினமும் வர ஆரம்பித்தது. தினமும் யாரோ என்னிடம் இருந்து எதையோ பிடுங்குகிறார்கள், யாரோ துரத்துகிறார்கள், யாரோ அவளுடைய தாலியை இழுக்கிறார்கள். நான் அடிக்கிறேன், உதைக்கிறேன். கண் விழித்தால் தலையணை ஒரு பக்கம், கொசுவலை கிழிந்து ஒரு பக்கம். அவள் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருப்பாள். தண்ணீர் சொம்பு, டார்ச் லைட், கடிகாரம் என்று கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்ததை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து ஒளித்து வைத்தாள். எனக்குத் தூங்கவே பயமாக இருந்தது. தூங்காமல் இருக்கவும் முடியவில்லை. சாயங்கால டம்ளரை நிறுத்திப் பார்த்தேன், அப்போதும் கனவு குறையவில்லை.

ஒரு நாள் பழைய வேட்டியைக் கிழித்து, என் வலது மணிக்கட்டைக் கட்டிலின் இரும்புக் காலோடு கட்டிக்கொண்டு படுத்தேன். "வேணாங்க, பாக்கவே நல்லா இல்ல" என்றாள். கேட்டேனா? அன்றைக்குக் கனவில் என்னைப் பிடித்து ஒரு கம்பத்தில் கட்டிவிட்டார்கள். விழித்தால் நிஜமாகவே கட்டியிருக்கிறது. பாதி உடம்பு தரையில், கை மேலே முறுக்கிக்கொண்டு நிற்கிறது. எது கனவு, எது வீடு என்று புரியாமல் குழந்தை மாதிரி கத்தினேன். முடிச்சு இறுகிப்போயிருந்தது. அவள் காய் நறுக்குகிற கத்தியைக் கொண்டுவந்து அறுத்தாள். அறுத்ததும் கத்தியோடு சுவர் வரைக்கும் பின்னால் நகர்ந்தாள். என் கிட்டே வரவே அவள் பயப்படுகிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அதற்குப் பிறகு அவள் கட்டிலை விட்டுத் தரையில் பாய் போட்டுப் படுத்தாள். ஒரு ராத்திரி நான் கட்டிலில் இருந்து உருண்டு, அவள் மேலேயே விழுந்து, முழங்காலால் அவளுடைய கண்ணுக்குக் கீழே இடித்தேன். வெள்ளை விழி பூராவும் ரத்தம் கட்டிச் சிவந்துபோனது. கண் டாக்டர், "கொஞ்சம் மேல பட்டிருந்தா பார்வை போயிருக்கும்" என்றார்.

தம்பி மறுநாளே வந்தான். பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து கதை கேட்டவன், இப்போது வாசல்படியைத் தாண்டி உள்ளே வராமல் நின்று பேசினான்.

"மாமா, உங்க மேல எனக்கு மரியாத கொறையல. நீங்க பட்டது ரொம்ப. ஆனா எங்க அக்காளுக்கு ரெண்டு கண்ணும் வேணும். நான் கூட்டிட்டுப் போறேன். பெரிய ஆஸ்பத்திரில நரம்பு டாக்டர் ஒருத்தங்க இருக்காங்களாம், சீட்டு வாங்கிட்டேன். அவங்க பாத்து சரியாப் போச்சுன்னா அக்கா வரும். இல்லன்னா அது அங்கதான் இருக்கும்."

அவள் ஒரு பையில் நான்கு புடவையை வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "பால் பாக்கெட் வரும், வாங்கிக் காய்ச்சிக்கங்க" என்று மட்டும் சொன்னாள். ஆட்டோ கிளம்பிப் போன பிறகும் நான் வாசலிலேயே நின்றேன். முப்பத்தோரு வருடத்தில் அவள் அப்படி என்னை விட்டுப் போனதில்லை. அவள் திரும்பி வராவிட்டால் நான் என்ன ஆவேன் என்று நினைத்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பத்து நாள் தனியாக இருந்தேன். ஒரு நாள் பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் கதவை உடைக்கிற மாதிரி தட்டினார். "என்னா முசியே, தீஞ்ச நாத்தம் தெருவே நாறுது, உள்ள என்னா பண்றீங்க?" என்றார். சமையற்கட்டு முழுக்கப் புகை. எனக்கு எந்த வாசனையும் வரவில்லை. ஜலதோஷம் போல என்று விட்டுவிட்டேன்.

ஆஸ்பத்திரிக்குத் தம்பி அவளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். மூன்று மணி நேரம் வரிசையில் உட்கார்ந்திருந்தோம். அவள் எனக்கும் தம்பிக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். கண் இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது. டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண்மணி. சிரிப்பே இல்லை. பழைய சீட்டுகளை எல்லாம் வாங்கி ஒவ்வொன்றாகப் படித்தார்.

"ராணுவத்துல நடந்த சம்பவத்தால வர்ற கனவுன்னு எழுதியிருக்காங்க. எந்த வயசுல சண்டைக்குப் போனீங்க?"

"இருபத்தெட்டு முப்பது இருக்கும் டாக்டர்" என்று தம்பி சொன்னான்.

"அவரு சொல்லட்டும். அப்பத்துல இருந்து இந்த மாதிரி கனவு வந்ததா?"

"இல்லைங்க" என்றாள் என் மனைவி. "நல்லாத் தூங்குவாரு. ஒண்ணு ஒண்ணர வருஷமாத்தான் இப்படி."

"தூக்கத்துல என்னா பேசுறாரு?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு டாக்டரைப் பார்த்துச் சொன்னாள். "நாயேம்பாரு. திருடன்னுவாரு. ஒரு நாளு 'மீன வுட்றா'ன்னு கத்துனாரு."

"பாலைவனத்துல மீனா?" என்றார் டாக்டர். கேலியாகக் கேட்கவில்லை. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, எழுதுவதற்காகக் கேட்டார். "ஐயா, நான் ஏன் இதக் கேக்குறேன்னு சொல்லிடுறேன். நெஜமாவே சண்டை ஞாபகத்தால வர்றதா இருந்தா, இப்ப சாப்பிடுற மாத்திரையக் கொஞ்சம் ஏத்தணும். அப்படி இல்லன்னா அந்த மாத்திரையே உங்களுக்கு ஆகாது. அதுதான் இத அதிகமாக்குது. ரெண்டும் எதிரெதிர் வைத்தியம். நான் தப்பா எழுதுனா அடுத்து அம்மாவுக்குத்தான் அடிபடும். கனவுல என்னா வருது?"

ஒரு பக்கம் தம்பி, ஒரு பக்கம் அவள், எதிரில் டாக்டர். வெளியே வரிசையில் ஐம்பது பேர். எங்கே ஓடுவது? கதையை எப்படியாவது வளைத்து, சண்டைக்கும் போனேன், கனவில் நாயும் வருகிறது என்று பூசி மெழுகிவிடலாமா என்று அந்த நிமிஷத்திலும் யோசித்தேன். எப்பேர்ப்பட்ட ஆள் பாருங்கள் நான். அப்போது அவள் கண்ணைத் துடைத்தாள். அழுகை இல்லை, அடிபட்ட கண்ணில் நீர் வடிந்துகொண்டே இருந்தது.

"நான் சண்டைக்கே போகலைங்க" என்றேன்.

"என்னா மாமா?" என்றான் தம்பி.

"கம்பளிக் கெடங்குல இருந்தேன். பதினெட்டு வருஷமும் அதே வேலதான். கால்ல இருக்கறது பொட்டி வுழுந்த தழும்பு. கனவுல நாயிதான் வருது. மார்க்கெட்டுதான் வருது."

தம்பியின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் துணிச்சல் இல்லை. அவள் பக்கமும் திரும்பவில்லை. பெட்டி விழுந்த அந்தத் தழும்பில், மார்கழிக் குளிர் வந்தால் வலிக்குமே என்று முப்பது வருடம் நல்லெண்ணெய் சுட வைத்துத் தேய்த்தவள் அவள்.

டாக்டருக்கு என் பொய்யைப் பற்றி ஒரு அக்கறையும் இல்லை. "நல்லது, சொன்னீங்களே" என்று எழுத ஆரம்பித்துவிட்டார். எழுதிக்கொண்டே விளக்கினார். எல்லோருக்கும் கனவு வருகிற நேரத்தில் மூளை உடம்பைப் பூட்டி வைத்துவிடுமாம். கனவில் ஓடினாலும் படுக்கையில் கால் ஓடாமல் இருப்பதற்கு அந்தப் பூட்டுதான் காரணம். எனக்கு அந்தப் பூட்டு கெட்டுப்போய்விட்டது. கனவில் செய்வதைக் கையும் காலும் அப்படியே செய்துவிடுகின்றன. வயதான ஆண்களுக்கு வருவதுண்டு. முன்பு எழுதிய வகை மாத்திரைகள் சிலருக்கு அதைத் தூண்டிவிடும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்த வேண்டும், சட்டென்று நிறுத்தக் கூடாது. படுக்கும் முன் வேறொரு சின்ன மாத்திரையில் பாதி. கட்டில் வேண்டாம், தரையில் மெத்தை. பக்கத்தில் கூரான பொருள் எதுவும் கூடாது. கையைக் கட்டவே கூடாது. அடங்குகிற வரைக்கும் அம்மா வேறு அறையில் படுக்க வேண்டும்.

பிறகு என் கையை நீட்டச் சொல்லி, மடக்கச் சொல்லி, நடக்கச் சொல்லிப் பார்த்தார். "வாசன தெரியுதா?" என்று கேட்டார். தீய்ந்த பாலைப் பற்றிச் சொன்னேன். "கருவாட்டுக் கொழம்பு வெச்சாக்கூட இப்பல்லாம் வாசனையே கண்டுபிடிக்க மாட்டேங்கறாரு" என்றாள் அவள், சுவரைப் பார்த்துக்கொண்டு. டாக்டர் தலையை ஆட்டினார். இந்தத் தூக்கக் கோளாறு வந்தவர்களில் பல பேருக்குச் சில வருடம் கழித்துக் கை நடுக்கம், நடை தளர்வு வர வாய்ப்பு இருக்கிறது என்றும், வந்தே தீரும் என்று பயப்பட வேண்டாம், ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்து காட்ட வேண்டும் என்றும் நேராக என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். நான் அதைக் காதில் வாங்கினேனே தவிர மனதில் வாங்கவில்லை. அவள் வீட்டுக்கு வருவாளா என்பது மட்டும்தான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

வெளியே வந்ததும் தம்பி, "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றான். அக்காவிடம் சொன்னான், என்னிடம் சொல்லவில்லை. அவள், "நீ போ. நான் வூட்டுக்குப் போறேன்" என்றாள். எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. அப்பாடா, மன்னித்துவிட்டாள் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு இப்போதும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

மருந்து கேட்டது. முதல் வாரமே வித்தியாசம் தெரிந்தது. ஒரு மாதத்தில் கனவு வந்தாலும் வாயோடு நின்றது, இரண்டாவது மாதம் அதுவும் அடங்கியது. காலையில் எழுந்தால் போர்வை படுக்கும்போது இருந்த மாதிரியே இருக்கும். கூடத்தில் தரையில் மெத்தை போட்டு நான் படுத்தேன். அவள் உள்ளறையில் படுத்தாள். படுக்கப் போகும்போது உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள். டாக்டர் சொன்னதுதானே, நல்லதுதான் என்று நானும் நினைத்தேன்.

ஆனால் வீட்டில் பேச்சு நின்றுபோயிருந்தது. சோறு வந்தது, காபி வந்தது, மாத்திரையும் தண்ணீரும் நேரத்துக்கு வந்தன. வார்த்தை மட்டும் வரவில்லை. தவளக்குப்பம் பக்கம் நான் தலைகாட்டவே இல்லை. தெருவில் யாராவது "முசியே" என்றாலே கதை கேட்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று பயந்து வேகமாக நடந்தேன். இருபது வருடம் பெஞ்சில் உட்கார்ந்து சொன்னதை எல்லாம் எப்படித் திரும்ப வாங்குவது? வீட்டுக்கு வந்தால் வீடும் வாயடைத்துக் கிடக்கும். ஒரு நாள் வேண்டுமென்றே, "கொழம்பு நல்லா இருக்கு" என்றேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மூன்றாவது மாதம் டாக்டரம்மா பார்த்துவிட்டு, இனிமேல் ஒரே அறையில் படுக்கலாம், மாத்திரையை மட்டும் விடாதீர்கள் என்றார். நல்ல சேதியோடு வீட்டுக்கு வந்தேன். வழியில் மல்லிகைப் பூ கூட வாங்கினேன். வயதான காலத்தில் வெட்கமாகத்தான் இருந்தது. இரவுச் சாப்பாடு முடிந்து அவள் உள்ளறைக்குக் கிளம்பியபோது சொன்னேன்.

"டாக்டரம்மா இன்னிக்கு சொல்லிட்டாங்க. இனிமே ஒண்ணும் பயமில்லையாம். உள்ளயே படுக்கலாமாம்."

அவள் கதவில் கை வைத்தபடி நின்றாள். பிறகு திரும்பினாள். கோபமான குரல் இல்லை.

"தூக்கத்துல அடிச்சதுக்கு மருந்து குடுத்துட்டாங்க. சரி. முழிச்சிக்கிட்டு அடிச்சதுக்கு?"

"நான் எப்ப..." என்று ஆரம்பித்தேன்.

"எங்கப்பா கருமாதி முடிஞ்சி ஒரு நாளு கூட இருந்துட்டு வந்தேன். லேட்டா வந்தேன்னு இந்தக் கூடத்துல நிக்க வெச்சி அறைஞ்சீங்க. மறக்கலாம் நீங்க. கன்னம் என்னுது."

மறந்துதான் போயிருந்தேன். அவள் சொன்ன பிறகு எல்லாம் வந்தது. பதினைந்து வருடம் இருக்கும். அவள் வந்து நின்ற மாதிரி, கையில் இருந்த பை, என் கை.

"அன்னிக்கு ராத்திரி என் கையப் புடிச்சி அழுதீங்க. 'சண்டைல பாத்ததெல்லாம் மண்டைல ஏறிடுது, என்ன மன்னிச்சிரு'ன்னீங்க. நானும், பாவம், எத்தன சாவு பாத்த மனுஷன்னு மன்னிச்சேன். தட்ட வீசுனீங்க, மன்னிச்சேன். என் தம்பி பொண்டாட்டி முன்னால திட்டுனீங்க, மன்னிச்சேன். எல்லாத்தையும் அந்தச் சண்டைக்காகத்தான் மன்னிச்சேன். இப்பப் பாத்தா சண்டையே இல்லைங்கறீங்க. அப்ப நான் மன்னிச்சது யார?"

என் கை தானாக மேலே வந்தது. விரல்களை விரித்துக் காட்டினேன். "டாக்டரம்மா சொன்னாங்கல்ல, போகப் போக இந்தக் கையி நடுங்க ஆரம்பிக்கும்னு..."

"வேணாம்" என்றாள். "சீக்கையும் சொல்லாதீங்க, சண்டையையும் சொல்லாதீங்க. எதையும் சொல்லாம சும்மா மன்னிப்புக் கேளுங்க, பாப்போம்."

கையைக் கீழே போட்டேன். முப்பத்தோரு வருடத்தில் அவளிடம் நான் ஒரு முறை கூட வெறுமனே மன்னிப்புக் கேட்டதில்லை. பிறகு, "நான்தான் அடிச்சேன். மன்னிச்சிரு" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சரி. மாத்திரையப் போட்டுட்டுப் படுங்க" என்றாள். உள்ளே போனாள். தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது.